நாற்காலி அக்காவின் ஓட்டு

எங்கள் விமான நிறுவனத்தில் விமானங்கள் எல்லாம் பழையவை; எம்.டி. மட்டும் எப்போதும் புதியவர். ஒருவர் வந்து அறைக்குத் திரைச்சீலை மாற்றச் சொல்வார். அதைத் தைத்துக்கொண்டு வருவதற்குள் அடுத்தவர் வந்து, இந்த நிறம் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்பார். பெட்டி எடை போடும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எம்.டி. யாராக இருந்தாலும் பெட்டியின் கனம் மாறுவதில்லை. ஆனால் நாற்காலி அக்காவுக்கு நடந்தது வேறு.

நாற்காலி அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். நடக்க முடியாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்தின் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை. கனத்த உடம்பு, ஆனால் ஓட்டமும் நடையுமாகப் போவாள். தள்ளுகிற தூரத்துக்குள் பயணியின் முழங்கால் வலி, மருமகள் சண்டை எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே மகள். கடலுக்கு அப்பால் ஒரு தீவில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. மருமகன் சரக்குக் கப்பலில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். மகள் நிறைமாதம். எங்கள் நிறுவனத்தின் சின்ன விமானம் ஒன்று அந்தத் தீவுக்குப் போய்வரும். ஏறி உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் இறக்கிவிட்டுவிடும். அது இல்லை என்றால் ஒரு பகல் முழுக்க பஸ், அதற்கப்புறம் படகு. படகும் கடல் மனசு வைத்தால்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் எம்.டி. விலகினார்.

பிரிவுபசார விழா விமானங்களை நிறுத்தும் கொட்டகையில் நடந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. அதனால் காலை விமானங்கள் எல்லாம் தாமதம். தொழில்நுட்பக் காரணம் என்று பயணிகளிடம் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம்.

"நான் முழு மனதோடு, என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்றார் எம்.டி. "அப்படி விருப்பப்படும்படி சேர்மன் நேற்று மாலை கேட்டுக்கொண்டார். இந்த நிறுவனத்தை நான் என் குடும்பமாகவே பார்த்தேன். அதனால்தான் என் குடும்பத்தில் இத்தனை பேருக்கு இங்கே இடம் கொடுக்க முடிந்தது."

கை தட்டினோம். அடுத்து சேர்மன் எழுந்தார். வயதானவர். எந்த எம்.டி. வந்தாலும் போனாலும் அவர் மட்டும் போகாமல் இருந்தார்.

"தலைமை மாற்றம் நம் பாரம்பரியம்" என்றார். "எந்த விமானம் தாமதமானாலும், அதை மட்டும் நாம் ஒரு நாளும் தாமதப்படுத்தியதில்லை."

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. எம்.டி. இல்லாத காலத்தில், எம்.டி.யைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தீவுக்குப் போகும் சின்ன விமானத்துக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. டயர் கிடங்கில் இருந்தது. மாற்றுகிற ஆளும் இருந்தார். ஆனால் மாற்றலாம் என்பது ஒரு முடிவு. ஆகவே விமானம் நின்றது.

அந்த வாரமே ஹெச்.ஆர். மேடம் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலைக்குத்தான் ஏதோ வினை என்று நினைத்துக்கொண்டே அக்கா போனாள்.

"உங்களைத் தேர்வுக் குழுவுல போட்டிருக்கோம். வாழ்த்துகள்" என்றார் மேடம்.

"என்ன தேர்வு மேடம்?"

"அடுத்த எம்.டி. யாருங்கற தேர்வு."

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"மேடம், நான் நாற்காலி தள்றவ."

"ரொம்பத் தன்னடக்கம் உங்களுக்கு. குழுவுல நாற்காலிப் பொறுப்பாளர் ஒருத்தர் இருந்தே ஆகணும்னு விதி. கம்ப்யூட்டர்ல தேடினோம். மொத்த கம்பெனியிலயும் உங்க பேர் ஒண்ணுதான் வந்துச்சு."

"அது சக்கர நாற்காலிங்க மேடம்."

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். "சக்கரம்னு வரலையே."

"சக்கரம் இருக்கு மேடம். நான்தானே தினமும் உருட்டறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு நடந்திருக்கலாம். ஆனா உங்க பேரு போர்டுக்குப் போயாச்சு, பத்திரிகைக்கும் போயாச்சு. இனி மாத்தணும்னா எம்.டி. கையெழுத்து போடணும்."

"எம்.டி.தான் இல்லையே மேடம்."

"அதுக்குத்தானே குழு" என்றார் மேடம், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்கு என்ன தெரியும்னு கூப்பிட்டாங்க?" என்றார்.

"எதுவும் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க." சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இங்க பாரு. எவன் தீவுக்கு பிளேன் விடறேன்னு சொல்றானோ, அவனுக்குக் கையைத் தூக்கு. மத்ததெல்லாம் அவங்க பாடு."

அக்காவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டாள். "கவலைப்படாதடி. இப்ப எம்.டி.யே அம்மா கையிலதான் இருக்கான். பிளேன் வந்துடும்."

"நீ பேசாம பஸ்ஸைப் பிடிச்சு வந்துடேன்மா" என்றாள் மகள்.

"இன்னும் நாள் இருக்குல்ல? இப்பவே லீவு போட்டுட்டா, பிள்ளை பொறந்தப்புறம் உன்கூட இருக்க முடியாதே."

மகள் சரி என்றாள். சரி என்று சொன்ன விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று மறுநாள் என்னிடம் சொன்னாள்.

தேர்வு மாடியில், கண்ணாடி அறையில் நடந்தது. நிர்வாகத்தில் வெளிப்படைத் தன்மை வேண்டும் என்று முந்தைய எம்.டி. ஒருவர் சுவர்களைக் கண்ணாடியாக மாற்றியிருந்தார். இரகசியமும் வேண்டும் என்று அவருக்கு அடுத்தவர் சத்தம் வெளியே வராமல் செய்திருந்தார். ஆகவே யார் வேண்டுமானாலும் போய், உள்ளே வாயசைப்பதைப் பார்க்கலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அக்காதான் எங்களுக்குச் சொன்னாள்.

முதலில் வந்தவர் பிஸ்கட் கம்பெனிக்காரர். "எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் என் பலம்" என்றார். "பிஸ்கட்டைப் பற்றியும் தெரியாமல்தான் அங்கே போனேன். இன்று அந்தக் கம்பெனி பிஸ்கட்டே செய்வதில்லை." குழுவினர் மெச்சிக்கொண்டார்கள். கேள்வி உண்டா என்று சேர்மன் கேட்க, அக்கா மெல்ல, "தீவுக்கு பிளேன் எப்பங்க விடுவீங்க?" என்றாள். "அருமையான கேள்வி!" என்றார் அவர். பதிலும் அதுவேதான்.

இரண்டாமவர் ஏற்கெனவே எங்களிடம் எம்.டி.யாக இருந்து அனுப்பப்பட்டவர். "இந்த நிறுவனத்தின் பிரச்சினைகளை என்னைவிட நெருக்கமாக அறிந்தவர் கிடையாது. பாதிக்குமேல் நான் இருந்தபோது பிறந்தவை" என்றார். தீவைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அந்தச் சேவையைத் தொடங்கியவனே நான். முன்பு ஒருமுறை நிறுத்தியவனும் நான். இரண்டுக்கும் எனக்கு விருது கொடுத்தார்கள்."

மூன்றாமவர் உயரமாக, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அதிகம் பேசவில்லை. செலவைக் குறைப்பீர்களா என்று சேர்மன் கேட்டார், தலையாட்டினார். வளர்ச்சியைக் கூட்டுவீர்களா என்றார்கள், தலையாட்டினார். தீவுக்கு பிளேன் விடுவீங்களா என்று அக்கா கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்து, அழுத்தமாக, நிதானமாகத் தலையாட்டினார்.

"அப்படி ஒரு தலையாட்டல் தம்பி" என்றாள் அக்கா என்னிடம். "சொந்த அண்ணன்கூட அப்படி ஆட்ட மாட்டான்."

பாதிப்பேர் பிஸ்கட்காரருக்கு, பாதிப்பேர் இவருக்கு. இழுபறி. கடைசியில் அக்கா கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையில்தான் எங்கள் நிறுவனத்துக்குப் புது எம்.டி. கிடைத்தார். நாங்கள் அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தோம்.

பதவியேற்பு விழாவை ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். விமானங்கள் பின்னணியில் தெரியவேண்டுமாம். தெரிவதற்காக அவை பறக்காமல் நின்றன. வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு நாற்காலி போதவில்லை. ஹெச்.ஆர். மேடம் ஓடிவந்து சக்கர நாற்காலிகளை எல்லாம் மேடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். உள்ளே நடக்க முடியாத பயணிகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே நல்ல காலோடு இருந்தவர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, குடையின் கீழ் குளிர்பானம் குடித்தார்கள். சேர்மனை அக்காவே தள்ளிக்கொண்டு போய் மேடையில் சேர்த்தாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் போர்டு உறுப்பினர்கள் கார் நிறுத்துமிடத்திலிருந்து சக்கர நாற்காலியில்தான் வருவார்கள் என்று முறை ஆனது. முறையாகிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது.

தலையாட்டி மேடையில் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "முதலில் நான் எல்லோரையும் கேட்பேன், கேட்டு முடித்த பிறகே முடிவெடுப்பேன்."

அப்படியே கேட்கத் தொடங்கினார். விமானிகள் போய் ஓய்வு நேரம் அதிகம் வேண்டும் என்றார்கள்; தலையாட்டினார். போர்டு போய் விமானிகளின் ஓய்வைக் குறைக்க வேண்டும் என்றது, தலையாட்டினார். அக்காவும் போனாள். மகள் நிறைமாதம் என்பதை, மருமகன் கடலில் இருப்பதை, டயர் கிடங்கில் இருப்பதை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையாட்டினார். "இந்த வாரம் பிளேன் கிளம்பிடுங்களா?" என்றாள். அதற்கும் ஆட்டினார். அக்கா மகளுக்கென்று வாங்கிவைத்த துணிகளை எல்லாம் பையில் அடுக்கிவைத்தாள்.

அந்த வாரம் சின்ன விமானம் கிளம்பத்தான் செய்தது. டயர் மாற்றி, கழுவித் துடைத்து, ஓடுபாதையில் ஓடி, மேலே ஏறியது. ஏறி, தீவுக்கு எதிர்த்திசையில் திரும்பியது. கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் அதை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். தலையாட்டி தலையாட்டியிருந்தார். வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். "எனக்கு ஆட்டினாரே தம்பி" என்றாள். நான் பெட்டி வைக்கும் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் தங்களுக்கு ஆட்டினார் என்று சொல்லத் தொடங்கியதும் கம்பெனியே கொந்தளித்துவிட்டது. விமானிகள் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். கடைசியில் சேர்மன் கண்ணாடி அறையில் குழுவைக் கூட்டி, எல்லோருக்கும் முன்னால் தலையாட்டியிடமே கேட்டார்: "சொந்தக் காரணங்களுக்காக நீங்கள் விலக விரும்புகிறீர்களா?"

தலையாட்டினார்.

எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு, தன் அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, அதைச் சேர்மனிடமே கொடுத்துவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அந்த அறைக்கதவு எம்.டி.யின் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். பாதுகாப்புக்காக அப்படி. முந்தைய எம்.டி.யின் அட்டையை ரத்துசெய்யத் தாமதித்ததற்காகக் கம்ப்யூட்டர் பிரிவு பலத்த திட்டு வாங்கியிருந்தது. இந்தத் தடவை அவர்கள் தாமதிக்கவில்லை. கைபேசிகளையும் செய்தி கசியக் கூடாது என்று வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கிவைத்திருந்தார்கள். உள்ளே மேசைத் தொலைபேசி ஒன்றுதான். மேடம் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டார்.

"புது எம்.டி. பேரைச் சொல்லுங்க மேடம், உடனே அட்டையைத் திறந்துவிடறோம்" என்றார்கள்.

சரியாக அப்போதுதான் அக்காவின் வீட்டுக்காரர் என் கவுண்டருக்குப் போன் செய்தார். "தம்பி, அவ போனை எடுக்க மாட்டேங்கறா. பாப்பாவுக்கு வலி வந்துடுச்சாம். சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன், அவளை நேரா அங்க வரச் சொல்லுங்க."

நான் மாடிக்கு ஓடினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினேன். உள்ளே கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். பக்கத்து அறையிலிருந்து மேசைத் தொலைபேசிக்கு அடித்தேன். மேடம் எடுத்தார், கேட்டார், அக்காவிடம் சொன்னார். அக்காவின் முகம் மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எழுந்து வந்து கதவை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெளியிலிருந்து நானும் தள்ளினேன். தொலைபேசியை வைக்க மேடம் மறந்துவிட்டதால், நான் பக்கத்து அறைக்குத் திரும்பிப் போய்ப் போனைக் காதில் வைத்தபோது உள்ளே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஐயா, என்னை விட்டுருங்க. என் பொண்ணு தனியா இருக்கா" என்றாள் அக்கா.

"உங்கள் தாயுள்ளத்தை மதிக்கிறோம்" என்றார் சேர்மன். "ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். இங்கேயும் பிரசவ வேதனைதான். இன்னும் தலை வெளியே வரவில்லை."

உறுப்பினர்கள் அந்த உவமையை ரசித்தார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"கண்ணாடியை உடைச்சிரலாமே" என்றாள் அக்கா.

"கம்பெனியின் சொத்து அது. உடைக்க எம்.டி. அனுமதி தேவை" என்றார் மேடம். அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அவருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருக்கலாம்.

"அப்ப யாரையாவது போடுங்கய்யா. பிஸ்கட்காரரைப் போடுங்க. பழையவரைப் போடுங்க. யாருக்கு வேணும்னாலும் கையைத் தூக்கறேன்."

"அவசரத்தில் தலைமையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது" என்றார் சேர்மன். "போன முறை நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள்."

அக்கா மறுபடி போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள்.

பிஸ்கட்காரரைத் தொலைபேசியில் பிடிக்கலாம் என்றால், தொலைபேசி என்னோடு இணைந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான்தான் பதறிப்போய் வைத்தேன். பிஸ்கட்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம், இப்போது அந்தக் கம்பெனியும் எதையும் செய்வதில்லையாம். பழைய எம்.டி. யோசிக்க அவகாசம் கேட்டாராம். வெளியே வெயில் சாய்ந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்கள் காலியாயின. போர்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து கழிவறை எங்கே என்று கேட்பது வாயசைப்பில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் காரியம் வேகம் பிடித்தது. சேர்மனே தற்காலிக எம்.டி.யாக இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னாராம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்கா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

கதவு திறந்தது. சேர்மன் முதலில் வெளியே வந்து, கீழே போகச் சக்கர நாற்காலி தயாரா என்று கேட்டார். அக்கா அவருக்குப் பக்கவாட்டில் புகுந்து, கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, செருப்பில்கூடச் சரியாகக் கால் நுழைக்காமல் ஓடினாள். சேர்மனை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். "இந்த அம்மா எங்கே இவ்வளவு அவசரமாக?" என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்காரர் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஏறினார்கள். படகுத்துறைக்குப் போனால், காற்று அதிகம் என்று படகை நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பகல் முழுக்க, மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

தீவு ஆஸ்பத்திரிக்கு அக்கா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. குழந்தை நன்றாக இருந்தது. மகளுக்குத்தான் ரத்தம் நிறையப் போய், முகம் வெளுத்துக் கிடந்தாள். ஒரு கட்டத்தில் பிழைப்பாளா என்றே பயந்துவிட்டோம் என்று டாக்டரம்மா சொன்னாராம். அந்த நேரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. அக்கா அந்த அம்மாளின் காலில் விழப் போனாள். அந்த அம்மாள் தடுத்துத் தூக்கிவிட்டாள். பிறகு குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா வந்துட்டேன்டி" என்றாள். மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள். "அறைக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கலை" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பொய்யாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்ததாம்.

வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். அப்போது போன் அடித்தது. குழந்தை விழித்துவிடப் போகிறதே என்று அக்கா அவசரமாக எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்" என்றார் ஹெச்.ஆர். மேடம். "நல்ல செய்தியா?"

"பேத்தி மேடம்."

"ரொம்ப சந்தோஷம். ஒரு சின்ன விஷயம். சேர்மன் எம்.டி. ஆயிட்டதால சேர்மன் இடம் காலியாயிடுச்சு. சேர்மன் இல்லாம எம்.டி. செல்லாதாம், எம்.டி. இல்லாம சேர்மனைப் போட முடியாதாம். மறுபடி குழு உக்காந்திருக்கு. நீங்க வரவேண்டாம். போன்லயே ஓட்டுப் போட்டாப் போதும்னு சிறப்பு அனுமதி வாங்கியிருக்கேன்."

"யாருக்கு மேடம்?"

"அதை இன்னும் முடிவு பண்ணலை. நீங்க போட்டுடுங்க, நாங்க அப்புறம் சேர்த்துக்கறோம்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடத்தின் குரல் அதிலிருந்து சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சுவரைப் பார்த்தபடியே மகள் பேசினாள். அம்மா வந்தபின் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"கையைத் தூக்கிடும்மா. இல்லாட்டி உன்னை விட மாட்டாங்க."

அக்கா போனை மடியில் வைத்தாள். குழந்தையை இடது தோளுக்கு மாற்றினாள். யாரும் பார்க்காத அந்த அறையில் வலது கையை மேலே தூக்கினாள்.

"தூக்கிட்டேன் மேடம்" என்றாள்.

"பதிவாயிடுச்சு" என்றது போன்.